பக்கிரிசாமி நடந்த மண்

கொள்ளிடத்தின் வடகரையில் கோரைத்திட்டு என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊரில் ஒரு வயலின் மண் தன் சொந்தக்காரியை விட்டுவிட்டு அவளுடைய ஓரகத்தியின் வயலுக்குக் குடிபோனது, போகும்போது அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு போனது. அந்தச் சொந்தக்காரியின் பெயர் தையல்நாயகி. அவள் புருஷன் பக்கிரிசாமி அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே காமாலையில் செத்துப்போயிருந்தான்.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ஆற்றங்கரையை ஒட்டிய மேலவயல் மூத்தவன் பக்கிரிசாமிக்கும், அதற்கடுத்த இறக்கத்தில் கிடந்த கீழவயல் இளையவன் நாகமுத்துவுக்கும் என்று ஆனது. மேலவயல் மண்ணைக் கையில் பிடித்தால் கொழுக்கட்டையாய் நிற்கும், விட்டால் அவலாய் உதிரும். கீழவயல் வெறும் களி. மழைக்கு வழுக்கும், வெயிலுக்கு வெடிக்கும், உழுகிறவன் தன் பிறப்பை நொந்துகொண்டேதான் உழ வேண்டும். ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் தையல்நாயகி வரப்பில் நின்று, நாகமுத்துவின் பெண்டாட்டி கனகவல்லியிடம், "என்ன கனகம், உங்க பக்கம் என்ன கண்டுச்சு?" என்று கேட்பாள். பதில் அவளுக்குத் தெரியும். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பதில் ஒரு சுகம் இருந்தது, அந்தச் சுகத்தை அவள் வருஷம் தவறாமல் அனுபவித்தாள். கனகவல்லியும் வருஷம் தவறாமல், "ஏதோ இருக்குக்கா" என்று சொல்லிக் குனிந்துகொள்வாள்.

அப்புறம் ஓர் ஆவணியில் ஆறு பெருகி வந்தது. வந்தது சும்மா வரவில்லை, மேலவயலின் தலைமாட்டில் கரையை உடைத்துக்கொண்டு, உள்ளே நுழைந்து, ஊரைப் பள்ளிக்கூடத்து மாடிக்கு அனுப்பிவிட்டு, நெல்லையும் வைக்கோலையும் ஆட்டையும் கோழியையும் புரட்டிப் பார்த்துவிட்டு, போக மனசில்லாத விருந்தாளி மாதிரி தங்கி, ஒரு வழியாக வடிந்தது. வடிந்த பிறகு தையல்நாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலவயலுக்குப் போனாள். அங்கே வயல் இல்லை. ஆற்றின் அடிவயிற்றில் கிடந்த மணல் முழுக்க அங்கே வந்து இடுப்பளவு உயரத்துக்குப் படுத்திருந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு புல் இல்லாமல், ஒரு நண்டு வளை இல்லாமல், கால் வைத்தால் முட்டிவரை வாங்கிக்கொண்டது.

அவள் இறக்கத்தைப் பார்த்தாள். கீழவயலில், களியின் மேல், ஒரு முழ ஆழத்துக்குக் கறுப்பாக, எண்ணெய் தடவிய தலை மாதிரி மினுமினுத்துக்கொண்டு படிந்திருந்தது அவளுடைய மண். அடுத்த வீட்டு அடுக்களையில் நம் வீட்டுக் குண்டானைப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது அவளுக்கு. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அடுப்பில் மறந்துவைத்த பால் மாதிரி பொங்கி, தீய்ந்து, நாற ஆரம்பித்தது.

சில நாள் கழித்துக் காலையில் நாகமுத்து வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"அண்ணி, அண்ணன் வந்துருக்கு."

"எங்க?"

"எங்க வயல்லதான் அண்ணி."

செத்துப்போன புருஷன் வந்தான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. "எங்க வயல்ல" என்று அவன் சொன்னதுதான் உறைத்தது.

போய்ப் பார்த்தாள். பனி உலர்கிற நேரம். ஈரமண்ணில், மடைவாயிலிருந்து தொடங்கி, ஒரு பாதம், அடுத்து ஒரு பாதம், மேலே ஆள் இல்லாமல், அவசரம் இல்லாமல் பதிந்துகொண்டே போனது. வலது காலில் கட்டைவிரல் வெளிப்பக்கம் கோணியிருந்தது. இடது குதிகால் ஆழமாய் விழுந்தது, எருது மிதித்த காலம் முதல் அவன் அப்படித்தான் சாய்ந்து நடப்பான். காலடிகள் வயலை ஒரு சுற்றுச் சுற்றின, நடுவில் ஓரிடத்தில் நின்று தண்ணீர் மட்டம் பார்த்தன, மூலைக்குப் போய் நின்றன, மேலவயல் பக்கமாகத் திரும்பின, அத்தோடு முடிந்தன. இருபது வருஷம் அந்த மண்ணில் அவன் நடந்த நடை அது. அவன் போய்ச் சேர்ந்த பிறகும் மண் அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறது. இடம் பெயர்ந்ததும், புதுவீட்டுக்கு வந்த பெண் பெட்டியைத் திறந்து எடுத்து வைப்பதைப் போல, எடுத்து வெளியே வைத்துவிட்டது.

கோரைத்திட்டு இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. முதல் நாள் ஊரே வரப்பில் நின்றது, இரண்டாம் நாள் பாதி ஊர், அப்புறம் வேலை இருந்தவர்கள் வேலைக்குப் போனார்கள். டீக்கடையில், "இன்னிக்கு வந்தாச்சா?" என்று கேட்பவனுக்கு, "வந்துட்டுப் போயாச்சு, இன்னிக்குச் சாய்வு கொஞ்சம் ஜாஸ்தி, ராத்திரி மழை பெஞ்சுதுல்ல" என்று பதில் வந்தது. பவர் டில்லர் ஓட்டுகிற திராவிடமணி, காலடி குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி, கடந்து போகும்வரை பீடி பிடித்தான். நடவுக்கு வந்த பெண்கள் அந்தத் தடத்தை மட்டும் நடாமல் விட்டார்கள். கோயில் குருக்கள் சொன்னதன் பேரில் நாகமுத்து அண்ணனுக்கு இன்னொரு முறை திதி கொடுத்தான். காக்காய் வயிறு நிறையச் சாப்பிட்டது, மறுநாள் காலடி முன்னைவிட அழுத்தமாய் விழுந்தது. தண்ணீர் முறைக்காகப் பக்கிரிசாமியோடு மண்வெட்டி தூக்கிச் சண்டை போட்ட ஆறுமுகப் படையாச்சி வரப்பில் நின்று மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, தப்பு உன் பேரிலும் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெண்கள்தான் வேறு விதமாய் எடுத்துக்கொண்டார்கள். புருஷனைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த சரோஜினி, நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "செத்தவரு தெனம் வராரு. உசுரோட இருக்கறது ரெண்டு தீவாளியா வரல. கொடுப்பினைன்னா கனகம் வீட்டுக் கொடுப்பினைதான்." யாரும் தையல்நாயகியின் கொடுப்பினை என்று சொல்லவில்லை. வயல் யாருடையதோ வரவும் அவர்களுடையது என்று ஊர் நினைத்துவிட்டது. குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த தையல்நாயகியின் காதில் இது விழுந்தபோது, அவள் கையிலிருந்த புடவை கல்லில் ஓங்கி ஓங்கி விழுந்தது, கரை கிழியும்வரை விழுந்தது.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஒரு நாள் காலை, அவள் போவதற்கு முன்பே கனகவல்லி மூலையில் நின்றுகொண்டிருந்தாள். வரப்பின் மேல் ஒரு சொம்பில் நீராகாரம், பக்கத்தில் இலையில் ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் உப்பு. காலடிகள் வழக்கப்படி சுற்றி வந்து மூலையை அடைந்தன. சொம்பைத் தாண்டிப் போகவில்லை. இரண்டு பாதமும் சேர்ந்து சொம்பைப் பார்த்து நின்றன, குடிக்கிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம். அப்புறம்தான் திரும்பின.

தையல்நாயகி சொம்புக்குக் குறுக்கே வந்து நின்றாள். "யாரு புருஷனுக்கு யாரு சோறு வைக்கிறது?"

"இல்லக்கா, மாமா நிக்கிறாங்களேன்னு..." கனகவல்லி பக்கிரிசாமியை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"அவரு நிப்பாரு, படுப்பாரு. உனக்கு என்ன? களிமண்ணு வச்சிருந்தவளுக்கு ஆத்துல வந்த மண்ணு போதாதா, ஆளும் வேணுமா?"

கனகவல்லி சொம்பை எடுத்துக்கொண்டு பேசாமல் போனாள். அந்தப் பேசாமை தையல்நாயகியை இன்னும் எரித்தது, ஏனென்றால் அது இருக்கிறவளின் பேசாமை.

அவள் ஊரைக் கூட்டினாள். மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் உட்கார்ந்தது. பஞ்சாயத்துத் தலைவி செங்கமலம், ஊரில் நியாயம் பேசத் தெரிந்தவள், இரண்டு பக்கமும் கேட்டாள்.

"என் மண்ணு எனக்கு வரணும்," என்றாள் தையல்நாயகி.

"பட்டாவுல எல்லைதான் போட்டிருக்கு, மண்ணு போடலயே," என்றாள் செங்கமலம். "எல்லை இருந்த எடத்துலதான் இருக்கு. ஆறு செஞ்ச பாகத்த நாங்க எப்படிக் கலைக்கிறது?"

கனகவல்லி எழுந்து, "அக்கா எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல," என்றாள்.

இதுவும் எரிந்தது. கொடுக்கிற இடத்தில் அவள், வாங்குகிற இடத்தில் இவள். இருந்தாலும் அள்ளினாள். கூடை கூடையாய்ச் சுமந்து போய் மணல்மேல் கொட்டினாள், இடுப்பு ஒடிய நிரவினாள், விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கே காலடி விழவில்லை. முதல் மழைக்கே மணல் அந்த மண்ணை வாய் திறந்து விழுங்கிவிட்டு, துடைத்த பீங்கான் மாதிரி வெள்ளையாய்க் கிடந்தது. கீழவயலில் அவள் அள்ளிய பள்ளத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, குண்டு குழி பார்த்து நடக்கிறவன் மாதிரி, பக்கிரிசாமி நடந்துகொண்டிருந்தான்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டபோது தையல்நாயகி ஒரு காரியம் செய்தாள். தன் வயல் மணலையே சாக்குகளில் நிரப்பி, கீழவயலின் தண்ணீர் வெளியேறுகிற வடிகால் வாய்க்குள் ஒன்றன் மேல் ஒன்றாய் அடைத்தாள். எனக்கு இல்லாதது அவளுக்கும் வேண்டாம் என்று ஒவ்வொரு மூட்டைக்கும் சொல்லிக்கொண்டாள். மழை பெய்தது, கீழவயலில் தண்ணீர் ஏறியது, ஏறியது இறங்கவில்லை. பயிர் கழுத்தளவு முழுகி, அப்புறம் தலையும் முழுகியது. காலடி தெரியவில்லை. அன்றுதான் தையல்நாயகி வெகு நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டாள்.

மண்ணுக்கும் மூச்சு உண்டு. மேலே காற்றும் கீழே வேரும் இருக்கிறவரை அது இழுத்து விட்டுக்கொண்டிருக்கும், புழுவும் பூஞ்சணமும் அதன் உள்ளே குடும்பம் நடத்தும். தண்ணீரைப் போட்டு மூடிவிட்டால், கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், அப்புறம் மூச்சை விட்டுவிடும். கீழவயல் நாற ஆரம்பித்தது. முதலில் சாக்கடை மாதிரி, பிறகு கூழ்முட்டை மாதிரி. மேலே நின்ற தண்ணீரில் குமிழி குமிழியாய் ஏதோ வந்து உடைந்தது. மிஞ்சியிருந்த பயிர் தாளெல்லாம் ஊதாவாகி, பிடுங்கினால் வேர் கறுத்துச் சொத சொதவென்று கையோடு வந்தது.

மார்கழியில் ஒரு காலை கனகவல்லி வந்து தையல்நாயகி வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா வரலக்கா. தண்ணி ஓரத்துல கொஞ்சம் எறங்கியிருக்கு, சேறு தெரியுது. அங்கயும் வரல. மண்ணு செத்துப்போச்சுக்கா."

தையல்நாயகி எதிர்பார்த்த சொல்தான் அது. ஆனால் கேட்டதும், அவன் இரண்டாம் தரம் செத்துப்போன மாதிரி இருந்தது. முதல் தரம் கொன்றது காமாலை, இந்தத் தரம் கொன்றது அவள். அவள் இறங்கி நடந்தாள். கனகவல்லி பின்னாலேயே வந்தாள். வடிகாலுக்குப் போய், மார்பளவு தண்ணீரில் இறங்கி, தையல்நாயகி மூட்டைகளை இழுக்க ஆரம்பித்தாள். மூட்டைகள் ஊறிக் கனத்திருந்தன, வரவில்லை. கனகவல்லியும் இறங்கி மறுமுனையைப் பிடித்தாள்.

"நான்தான் வச்சேன்," என்றாள் தையல்நாயகி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"தெரியும். மணல் ஊர்ல வேற யாரு வயல்ல இருக்கு?"

"தெரிஞ்சுமா எடுக்கல?"

கனகவல்லி மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "எடுக்கலாம்னுதான் வந்தேன். பாகம் பிரிச்ச நாள்லேர்ந்து மாமா எங்க வயல்ல ஒரு காலு வச்சதில்லக்கா. களி ஒட்டும்பாங்க. இப்ப வந்தாங்க, நானும் மனசு நெறஞ்சுதான் சொம்பு வச்சேன். குடிச்சுட்டு ஒவ்வொரு நாளும் காலு மேலவயல் பக்கமேதான் திரும்புச்சு. அங்க மணலுதான் கெடக்கு, திரும்புறாங்க. ஒரு நாளாச்சும் எங்க வீட்டுப் பக்கம் திரும்பாதான்னு பாத்துப் பாத்து எனக்கும் வெறுத்துப்போச்சு. மூட்டையப் பாத்ததும், சரி, யாருக்கும் வேணாம், போகட்டும்னு விட்டுட்டேன்."

கனகவல்லி மறுபடி குனிந்து மூட்டையின் முனையைப் பிடித்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். வெள்ளம் வடிஞ்சதும் உன் மண்ணு எங்க பக்கம் எறங்கிக் கெடந்தத பள்ளிக்கூடத்து மாடியிலேர்ந்து பாத்தேன். சந்தோஷமா இருந்துச்சுக்கா. நீ வயலப் பாத்துட்டு வந்தப்ப உன் மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாத்தேன்."

"மாறிச்சா?"

"மாறிச்சு."

தையல்நாயகிக்கு ஏனோ கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் தான் மட்டும் தனியே சுமந்ததாக நினைத்த ஒன்றை மறுமுனையில் இன்னொருத்தியும் பிடித்திருக்கிறாள் என்று தெரிந்தபோது, பாரம் குறையாவிட்டாலும் பிடி கொஞ்சம் இலகுவானது. "இழு," என்றாள். மூட்டை வந்தது. தண்ணீர் ஓவென்று ஓடியது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மெதுவாய் நடந்தது. உடனே உழுதுவிடத் துடித்த நாகமுத்துவை இரண்டு பெண்களும் தடுத்தார்கள். சேறாய் இருக்கும்போது மிதித்தால் கல்லாய் இறுகிவிடும் என்று காத்திருக்கச் சொன்னார்கள். தையும் மாசியும் வயல் காய்ந்தது, நீலம்பாய்ந்த சேறு சாம்பலாகி, பாளம் பாளமாய் வெடித்து, வெடிப்பு வழியே காற்று இறங்கியது. நாற்றம் போக வெகு நாளாயிற்று. பங்குனியில் ஆட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, புழுக்கை எருவாகட்டும் என்று இரு வயலிலும் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டார்கள். கோடை மழைக்குக் கீழவயலில், மடக்கி உழுதால் உரமாகிற தக்கைப்பூண்டு விதைத்தார்கள். மேலவயலில் மணலை வாரி ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, குளத்து வண்டல் அடித்து, மணலுக்கும் அஞ்சாத கொழிஞ்சிச் செடியின் விதையைத் தூவினார்கள். மேலவயலில் கொழிஞ்சி அங்கொன்றும் இங்கொன்றுமாய்த்தான் எழுந்தது, சொறி பிடித்த நாய் முதுகில் மயிர் முளைப்பது போல. கீழவயலில் தக்கைப்பூண்டு முதலில் மஞ்சளாய் நின்று, யோசித்து, பிறகு மளமளவென்று இடுப்புக்கு வளர்ந்தது. தையல்நாயகி இரண்டையும் பார்ப்பாள். கண் சுருக்கென்று தைக்கும். தைத்தாலும் குனிந்து களை பிடுங்குவாள், ஏனென்றால் அடுத்த பாத்தியில் கனகவல்லி குனிந்திருந்தாள்.

பூக்கிற சமயத்தில் தக்கைப்பூண்டை மடக்கி உழுதார்கள். அது மண்ணுக்குள் மக்கியது. ஒரு காலை கனகவல்லி ஒரு கட்டியை உடைத்து, மூக்கருகே கொண்டுபோய், பிறகு தையல்நாயகியிடம் நீட்டினாள். மழை விழுந்த முதல் நிமிஷத்து வாசனை. உள்ளே ஒரு மண்புழு நெளிந்தது.

ஆவணியில் சேறடித்து, தண்ணீரை வடித்து, நடவுக்கு முந்திய காலையில் ஊர் மறுபடி வரப்பில் நின்றது. பனி உலர்ந்தது. மடைவாயில் ஒரு பாதம் விழுந்தது, கட்டைவிரல் கோணி. நாகமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அடுத்த பாதம், அடுத்த பாதம், சாய்ந்த நடை. தையல்நாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அப்போது, நான்கு எட்டு பின்னால், இன்னொரு காலடி விழ ஆரம்பித்தது.

அது பெண்ணின் கால். மெல்லிய, நீளமான பாதம். இரண்டாம் விரலில் மெட்டி அழுந்திய வளையம் தெளிவாய்த் தெரிந்தது. அவன் நின்றால் அது நின்றது. அவன் திரும்பினால் அது திரும்பியது. எட்டு வைப்பதில் ஒரு துள்ளல் இருந்தது.

ஊரின் பார்வைகள் ஒவ்வொன்றாய்க் கனகவல்லியின் காலில் போய் இறங்கின. தையல்நாயகியின் நெஞ்சில், தீய்ந்து அடங்கியிருந்ததெல்லாம் ஒரே நொடியில் மறுபடி பொங்கியது. "கால வை," என்றாள். கனகவல்லி இறங்கி, ஒரு தடத்தில் தன் பாதத்தை வைத்தாள். அவளுடையது குட்டையான அகலப் பாதம், தடத்துக்குள் அடங்கவில்லை. அப்புறம் சரோஜினி வைத்தாள், பொருந்தவில்லை. மெட்டி போட்ட பெண்கள் பலரும் இறங்கி வைத்துப் பார்த்தார்கள், அவர்களுடைய புருஷன்மார் வரப்பில் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார்கள், ஒருத்திக்கும் பொருந்தவில்லை.

"நீ வச்சுப் பாருக்கா," என்றாள் கனகவல்லி மெதுவாக.

"எனக்கு ஏது மெட்டி?"

"வச்சுப் பாரு."

தையல்நாயகி இறங்கினாள். சேறு குளிர்ந்தது. வலது பாதத்தைத் தடத்தின்மேல் வைத்தாள். குதிகால் பிதுங்கியது, வயசில் அகன்ற குதிகால், பித்தவெடிப்பு விழுந்தது. ஆனால் விரல் ஐந்தும் உறையில் அரிவாள் போவதைப் போல அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. கல்யாணமாகி வந்த புதிதில் கஞ்சிக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே வயலைச் சுற்றிய கால். அப்போது அவன் எங்கே நின்றாலும் அவளும் நிற்பாள்.

அவள் அடுத்த தடத்தில் அடுத்த காலை வைத்தாள். பிறகு அடுத்தது. காலடிகள் முன்னால் பதிந்துகொண்டே போயின, அவள் பின்னால் போனாள். அந்தப் பெண்ணின் எட்டு நீளமாய் இருந்தது. தையல்நாயகிக்கு மூட்டு வலித்தது, மூச்சு வாங்கியது, புடவையை இரு கையாலும் தூக்கிக்கொண்டு எட்டி எட்டி வைத்தும் ஒரு தடம், இரண்டு தடம் என்று விட்டுப்போயிற்று. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு கிழவி வருகிறாள் என்ற நினைப்பே இல்லாமல், மெட்டி அழுந்த, அவனோடு மூலை திரும்பினாள்.

தையல்நாயகி நடு வயலில் நின்றுவிட்டாள். அவளுக்கு வந்த பொறாமை அதுவரை யார்மேலும் வந்ததில்லை, கனகவல்லிமேல் வந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"நில்லுக்கா, வழுக்கும், நான் வரேன்," என்று வரப்பிலிருந்து கனகவல்லி இறங்கி வந்தாள். வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மூலையைப் பார்த்தார்கள். நான்கு பாதங்கள் அங்கே நெருங்கி நின்றிருந்தன.

"கூப்பிடலாமாக்கா?"

"வேணாம், விடு," என்றாள் தையல்நாயகி. "அவ கொடுத்து வச்சவ."